சத்தம் போட்டால் அவுட்

பிப்ரவரி 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உன் கடிதத்தைக் கக்கூசில் உட்கார்ந்துதான் படித்தேன். சட்டைக் கம்பெனியில், தையல் லைனில் பிரித்தால் சூப்பர்வைசர் பிடுங்கிக்கொள்வான். வீட்டில் பிரித்தால் உன் மாமா தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். உலகத்தில் எனக்கென்று தாழ்ப்பாள் உள்ள இடம் அது ஒன்றுதான். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சீப்புப் பல் மாதிரி நெருக்கி நெருக்கி நீ எழுதியதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வெளியே வரிசை நின்றுவிட்டது. 'விசில்' வந்து கதவைத் தட்டினான். சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பேர் அது, தூங்கும்போதும் வாயில் விசில் இருக்கும் என்று கேள்வி.

“என்னம்மா, உள்ள வீடு கட்டுறீங்களா?”

“கட்டியாச்சு சார். பூச்சு வேலை நடக்குது.”

வெளியே சிரித்தார்கள். உள்ளே நான் கடைசி வரியை மறுபடி எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன்.

அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறாய். வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அடிபட்டுவிட்டது, நான்தான் காரணம், என்னை வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள், போனை அணைத்துவிட்டேன், அழைக்காதே. இவ்வளவுதானா? எந்தப் பெண், என்ன அடி, நீ எப்படிக் காரணம்? பல்லியை அடிக்கச் சொன்னால் நாற்காலி மேல் ஏறி நின்று அதனிடம் மன்னிப்புக் கேட்கிறவள் நீ.

போன் வேண்டாமென்றால் வேண்டாம். நான் பேனா பிடித்துவிட்டேன், பார்த்துக்கொள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பாதே. நடந்ததை நடந்தபடி எழுது. சாப்பிட்டாயா என்பதையும் எழுது.

உன் அக்கா

*

பிப்ரவரி 15

அக்கா,

சாப்பிடுகிறேன். அதைப் பற்றி இனிமேல் கேட்காதே.

என்னுடையது மூன்றாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு. பாதிப் பிள்ளைகள் மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்குவார்கள். விழித்திருப்பவர்களின் கண்ணும் கரும்பலகையைத் தாண்டி எங்கேயோ இருக்கும். போன வருடம் முழுவதும் வாய்ப்பாட்டைச் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் ஆட்டம் ஆரம்பித்தேன். பெஞ்சுகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்சுவர் ஓரமாக அடுக்கிவிடுவோம். தரையில் சாக்பீஸால் வட்டம் வட்டமாகப் போட்டு ஒவ்வொன்றிலும் ஓர் எண். நான் 'நாலஞ்சு' என்று கத்தினால் இரண்டு அணியும் இருபதுக்கு ஓட வேண்டும். ஒரு மாதத்தில் வகுப்பே வேறாகிவிட்டது. மதியத்துக்குமேல் வீட்டுக்கு ஓடிவிடுகிற பிள்ளைகள்கூட ஓடவில்லை.

ஆனால் பக்கத்து வகுப்பு சார் புகார் சொன்னார். தலைமையாசிரியை என்னை அழைத்து, “இது கிளாஸா, சந்தையா? சத்தம் வந்தா விளையாட்டையே நிறுத்திடுவேன்” என்றார்.

அப்போதுதான் எனக்கு நம் ஆட்டம் நினைவுக்கு வந்தது. அப்பா ராத்திரி காவலுக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குவாரே, அந்த ஒற்றை அறையில் நீயும் நானும் ஆடுவோமே. சத்தம் போட்டால் அவுட். அதையே வகுப்புக்குக் கொண்டுவந்தேன். எல்லோரும் வெறுங்காலோடு. நான் கத்துவதற்குப் பதில் இரண்டு கையிலும் விரல்களைக் காட்டுவேன். யார் வாயிலிருந்து சத்தம் வந்தாலும் அந்த அணிக்குப் புள்ளி போச்சு.

அந்த ஆட்டத்துக்கு ஒரு ராணி இருந்தாள். எறும்பு என்று கூப்பிடுவோம். அவ்வளவு சின்னது, எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டு போகும். வாயைத் திறந்து பதில் சொன்னதே இல்லை. சத்தமில்லாத ஆட்டம் வந்ததும் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை.

அன்றைக்கு இருபதின் வட்டத்தைப் பெஞ்சுகளுக்குப் பக்கத்தில் போட்டிருந்தேன். ஓடி வந்தவள் சாக்பீஸ் தூளில் வழுக்கி, விழாமல் இருக்க அடிப்பெஞ்சின் விளிம்பைப் பிடித்தாள். மேல்பெஞ்சு நகர்ந்து அதன் இரும்புக் கால் அவள் வலது கை மேல் இறங்கியது. கட்டையில் இறங்கியிருந்தால் சத்தம் கேட்டிருக்கும். கையில் இறங்கியதால் கேட்கவில்லை.

அவள் கத்தவில்லை, அக்கா. அவள் அணிக்குப் புள்ளி போய்விடும். இன்னொரு கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு இருபதின் வட்டத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வாசற்படியில் நின்று, அந்த சார் வருகிறாரா என்று வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன், அவள் சரியான வட்டத்தில் இருந்தாள். கட்டைவிரலை உயர்த்திப் புள்ளி கொடுத்தேன். அடுத்த கணக்குக்குப் போனேன். அதற்கடுத்ததுக்கும். பிறகு ஒரு பெண் வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்து, பேசாமல் எறும்பின் கையைக் காட்டினாள். அவளும் பேசவில்லை. நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூடப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். இடைவேளையில் பிள்ளைகள் பேச்சைக் கேட்காமல் வகுப்புக்குள் புகுந்து பெஞ்சு மேல் ஏறினார்கள் என்று நான் சொல்ல வேண்டுமாம். எறும்புதான் முதலில் ஏறினாள் என்றும். அப்படிச் சொன்னால் வேலை இருக்கும் என்றார் தலைமையாசிரியை.

தங்கச்சி

*

பிப்ரவரி 21

அடியே,

உன் கடிதத்தை இந்தத் தடவை படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். சிரிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. எனக்கே கிடைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். கோபப்படாமல் கேள். தலைமையாசிரியை சொன்னபடி சொல்லிவிடு.

அந்தப் பிள்ளைக்கு விரல் போனது போனதுதான். நீ வேலையை விட்டால் முளைக்கவா போகிறது? ஒரு குறும்புப் பெண் பெஞ்சில் ஏறினாள், விழுந்தாள். பிள்ளைகள் என்றால் ஏறத்தான் செய்யும், அதற்காக யாரும் அவளைத் தூக்கிலா போடப்போகிறார்கள்? இரண்டு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நம் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள் நீ ஒருத்திதான். நானும் உட்கார்ந்துதான் பார்க்கிறேன், ஆனால் அது ஸ்டூல். முதுகு சாயக் கட்டை கிடையாது. நீ சாய்ந்து உட்கார வேண்டும் என்றுதான் நான் ஐந்தாம் வகுப்போடு எழுந்து வந்தேன். அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று இருந்தேன், காட்டிவிட்டேன்.

உன் மாமாவிடம் சொன்னேன். “பாவம் புள்ள” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஆட்டத்தை இனிமேல் விட்டுவிடு. கரும்பலகை இருக்கிறது, பிரம்பு இருக்கிறது, எல்லா டீச்சரும் அப்படித்தானே காலத்தை ஓட்டுகிறார்கள்? தூங்குகிற பிள்ளை தூங்கட்டும். தூங்கி யாருக்கும் விரல் போனதில்லை.

அக்கா

*

பிப்ரவரி 26

அக்காவுக்கு,

போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளிடம் தலைமையாசிரியை ஏற்கெனவே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், உங்கள் பெண் அடங்காதவள் என்று. அந்த அம்மா நம்பிவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். “உன்னை யாருடி பெஞ்சு மேல ஏறச் சொன்னா? வாயத் திற. யாரு சொன்னா?”

எறும்பு வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் என் காதுக்கிட்டே வந்து, “மிஸ், நான் சத்தமே போடல. நாங்க அவுட் இல்லதானே?” என்று கேட்டாள்.

நான் இல்லை என்றேன். வேறு என்ன சொல்வேன்.

நீ அவளைக் குறும்புப் பெண் என்று எழுதியிருக்கிறாய். தூங்கி யாருக்கும் விரல் போனதில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் பேச்சுக்கு ஊரே சிரிக்கும், தெரியும். எனக்கு இப்போது வேண்டாம். நீ படிப்பை விட்டதற்குக் கணக்கு இப்படித்தான் தீர்க்க வேண்டுமென்றால் அதையும் என்னால் செய்ய முடியாது.

கொஞ்ச நாள் எழுதாதே.

*

மார்ச் 12

தங்கச்சி,

எழுதாதே என்றாய். நான் எந்தக் காலத்தில் உன் பேச்சைக் கேட்டேன், இப்போது கேட்க?

உன் கடிதம் வந்தபிறகு உன்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தேன். பெரிய நீதிமான் என்று உன் மாமாவிடம் சொல்லிச் சொல்லித் தீர்த்தேன். அவர் பாவம், உன் பங்குத் திட்டையும் அவரே வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை என் பக்கத்து மெஷின்காரிக்கு விரலில் ஊசி ஏறிவிட்டது. புதுப்பெண், கல்யாணமாகி வந்தவள். நகத்தில் நுழைந்து அடியில் வந்துவிட்டது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து விசில் எங்கே நிற்கிறான் என்று பார்த்தாள். லைன் நின்றால் எல்லோருக்கும் அன்றைய கணக்குக் குறையும், அதனால். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரத்தம் படக் கூடாதென்று முதலில் அவள் மடியிலிருந்த வெள்ளைக் காலர் அடுக்கை நகர்த்தினேன். என் கை முதலில் துணிக்குத்தான் போனது. அப்புறம்தான் அவளுக்குப் போனது. பதினெட்டு வருடப் பழக்கம், கையைக் குற்றம் சொல்லி என்ன.

அவள் சத்தம் போடவில்லை. நாங்களும் போடவில்லை. விசில் இன்னொரு மூலையில் ஊதிக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது ஒன்று தோன்றியது. அப்பா தூங்கட்டும் என்று நாம் வாயை மூடினோம். அவர் எழுந்தால் நம்மைத் தூக்கிக் கொஞ்சுவார் என்று தெரிந்துதான் மூடினோம். சரி. நீ யார் தூங்குவதற்காக அந்த நாற்பது பிள்ளைகளின் வாயை மூடினாய்? கோபத்தில் கேட்கவில்லை. நான் யாருக்காக மூடிக்கொண்டு இருக்கிறேன் என்று எனக்கும் தெரியவில்லை, அதனால் கேட்கிறேன்.

போய் உள்ளதைச் சொல். வேலை போனால் இங்கே வா. ஒரே அறைதான், உன் மாமா குறட்டை விடுவார், முதல் வாரம் லாரி ஏறுகிறதென்று எழுந்து ஓடுவாய். அப்புறம் பழகிவிடும்.

நாற்காலி பேச்சை நான் எடுத்திருக்கக் கூடாது. எடுத்துவிட்டேன். நீ விரும்பினால் அந்த வரியை மட்டும் சிவப்பு மையில் அடித்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 20

அக்கா,

சொல்லிவிட்டேன்.

தலைமையாசிரியையின் அறையில்தான் விசாரணை. அதிகாரி நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். இடைவேளை இல்லை, என் பாடவேளை என்றேன். யாரும் பெஞ்சு மேல் ஏறவில்லை என்றேன். “சத்தம் போடக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். அவ சொன்னபடி செஞ்சா.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“வாசல்ல. பக்கத்து வகுப்பு சார் வர்றாரான்னு பாத்துட்டிருந்தேன்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தலைமையாசிரியை ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவுதான். வேலை போய்விட்டது. ஆணை கையில் வந்துவிட்டது.

விசாரணை முடிந்ததும் நேரே எறும்பின் அம்மா வேலை செய்கிற கடைக்குப் போனேன். உங்கள் பெண்மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். பெரிதாக ஏதோ செய்துவிட்டு வந்த மாதிரி இருந்திருக்கிறது என் முகம். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “உண்மையச் சொல்லிட்டீங்க. இனிமே உங்களுக்குத் தூக்கம் வரும். போங்க” என்றாள்.

பள்ளியில் பெஞ்சுகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்களாம். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று உத்தரவு. என் வகுப்பு இப்போது பள்ளியிலேயே அமைதியான வகுப்பு என்று பக்கத்து வகுப்பு சார் எல்லோரிடமும் சொல்கிறாராம்.

உன்னிடம் வரலாம் என்று பெட்டி கட்டினேன். நேற்று அந்த அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கட்டுப் பிரித்து மருந்து வைக்கும்போது எறும்பு அழுவதே இல்லையாம். சின்ன முனகல்கூட இல்லை. இடது கையை வாயில் வைத்துக் கடித்துக்கொள்கிறாளாம், அந்தக் கையிலும் இப்போது புண். நர்சு எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். அம்மா அடித்தும் பார்த்திருக்கிறாள்.

“நீங்க சொன்னாதான் கேப்பா. அழச் சொல்லுங்க,” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

போய்ச் சொன்னேன். வலித்தால் கத்து என்று. அவள் தலையை ஆட்டினாள். கத்தவில்லை. நான் சோதிக்கிறேன் என்று நினைக்கிறாள், அக்கா.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சத்தமில்லாத ஆட்டத்தை உண்டாக்கியவள் நீ. சத்தத்தோடு ஒன்று சொல்.

*

மார்ச் 26

என் தங்கமே,

பெட்டியைப் பிரித்து வை. அங்கேயே இரு.

சொன்னால் அவள் கேட்க மாட்டாள். சொல்லித்தானே வாயை மூடினாள்? ஆட்டத்தில் மூடிய வாயை ஆட்டத்தில்தான் திறக்க முடியும். நான் இரண்டு நாள் யோசித்தேன். இத்தனை நேரம் நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து உன் மாமா நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

இந்தப் பார்சலில் சட்டைப் பொத்தான் ஒரு பை இருக்கிறது. எல்லாம் துளை கோணலானது, கழித்துப் போட்டது, கேட்டு வாங்கினேன். இரண்டு கிண்ணம் எடு. நீயும் அவளும் எதிரெதிரே உட்காருங்கள். வலது கை முதுகுக்குப் பின்னால், உனக்கும்தான், ஏமாற்றாதே. இடது கையால் ஒவ்வொரு பொத்தானாக எடுத்து எதிர்க் கிண்ணத்தில் போட வேண்டும். கீழே விழுந்தால் 'ஐயோ' என்று கத்த வேண்டும். தெருவில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற மாதிரி. விழுந்தும் கத்தாதவர் அவுட்.

முதலில் நீ போடு. நிறையப் போடு, நிறையக் கத்து. டீச்சர் என்ற கெத்தை மூட்டை கட்டிப் பரண்மேல் வை. வாத்தியார் கத்தினால் பிள்ளைக்குப் பயம் என்பார்கள். வாத்தியார் தோற்றுக் கத்தினால் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். ஐந்தாம் வகுப்புவரை படித்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அக்கா

*

ஏப்ரல் 7

அக்கா,

அந்த அம்மா என்னை உள்ளே விடவில்லை. அவர்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஆடினோம்.

முதல் நாள் நான் மட்டும் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். எறும்பு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கையிலிருந்து பொத்தான் விழுந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவுட் என்றேன். அவள் கண்ணில் அப்படி ஒரு தவிப்பு. என் ஆட்டத்தில் அவள் அவுட் ஆனதே இல்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை ஒரு பொத்தான் உருண்டு சாக்கடைக்குள் போனது. “ஐயோ” என்றாள். எனக்கே கேட்டும் கேட்காத அளவுக்கு. உடனே வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்தினேன்.

இன்று கட்டுப் பிரிக்கும் நாள். நானும் போனேன், வெளியே வராந்தாவில் நின்றேன். உள்ளே நர்சு பஞ்சை இழுத்ததும் அவள் கத்தினாள். ஐயோ, ஐயோ, ஐயோ என்று. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. நிறுத்தவே இல்லை. அவள் அம்மா வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போனேன். “தள்ளி நில்லுங்க,” என்றாள். தள்ளி நின்றேன்.

நாளைக்கும் வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பென்சிலை இன்னும் எறும்பு தொடவில்லை. இடது கையில் வைத்தால் கீழே போட்டுவிடுகிறாள்.

தங்கச்சி

*

ஏப்ரல் 13

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். மூன்று இடத்தில் நிறுத்தினேன். எழுத்துப் புரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் மூக்கைச் சிந்திக்கொண்டு, “உன் தங்கச்சி கையெழுத்து ரொம்ப மோசம்” என்றார்.

பென்சிலை அவசரப்படுத்தாதே. இடது கைக்கு என்ன சுலபம், என்ன கஷ்டம் என்று தெரியாமல் அந்தப் பிள்ளையிடம் எதையும் கேட்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. அதனால் திங்கட்கிழமையிலிருந்து நானும் எல்லாம் இடது கையால் செய்கிறேன். பல் தேய்த்தேன், மூக்கில் பேஸ்ட். பூட்டைத் திறந்தேன், பக்கத்து வீட்டுக்காரி வந்து திறந்துவிட்டாள். சாப்பிட்டது பாதி, சிந்தியது பாதி. உன் எறும்புக்குக் கோபம் வந்தால் வரட்டும், அது நியாயமான கோபம்.

நேற்று லைனிலும் செய்து பார்த்தேன். இடது கையால் துணியைத் தள்ளிச் சட்டைக்குக் காலர் தைத்தேன். முதல் காலர் நன்றாக வந்தது. இரண்டாவதில் என் ஏப்ரன் நாடாவையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். விதிப்படி 'ஐயோ' என்று கத்தினேன். லைன் நின்றது. விசிலின் வாயிலிருந்து விசில் விழுந்தது. அவன் ஓடிவந்து என்னைப் பார்க்காமல், சட்டையைத்தான் பார்த்தான். தையல் நேராக இருக்கிறது என்று சொல்லிச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு செக்கிங் மேசைக்கு நடந்தான்.

நாடா என் இடுப்பில் கட்டியிருந்தது. நானும் கூடவே போனேன்.

அக்கா